கரைக்கு ஒரு சட்டம்

(பொம்மையார்பாளையம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சட்டச் சீர்திருத்தம் என்றதும் நம்மில் பலர், அது கறுப்பு அங்கி அணிந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு, நமக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று எண்ணிக்கொள்கிறோம். அந்த எண்ணம் தவறு என்பதை மெய்ப்பிக்க, நான் புத்தகத்தைப் புரட்டத் தேவையில்லை. இந்தக் கூட்டம் முடிந்ததும் கிழக்கே நடந்து சென்று கடலைப் பாருங்கள். உங்கள் பாட்டனார் கட்டுமரத்தை ஏற்றி வைத்த மணல் எங்கே? கருவாடு காயவைத்த திடல் எங்கே? வலை பின்னிய நிழல் எங்கே? கடல் கொண்டது என்பீர்கள். உண்மைதான். ஆனால் கடல் கொண்டதற்குப் பின்னே மனிதன் செய்த வேலை ஒன்று உண்டு. அந்த வேலைக்குப் பின்னே, வாய் திறவாமல் நின்ற சட்டம் ஒன்றும் உண்டு. அந்தச் சட்டத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

மணல் எங்கே போயிற்று?

சோழமண்டலக் கரையிலே மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆண்டில் ஏறக்குறைய எட்டு மாதங்கள் அலை தெற்கிலிருந்து சாய்ந்து வந்து மணலை வடக்கு நோக்கி நகர்த்துகிறது. வாடைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்புகிறது. வரவும் செலவும் போக, மிச்சம் வடக்கே செல்கிறது. இப்படி நடந்துகொண்டே இருந்ததால்தான் கரை கரையாக இருந்தது.

அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக 1986-இல் அலைதடுப்புக் கரைகள் கட்டத் தொடங்கினர், 1989-இல் முடித்தனர். கடலுக்குள் நீண்ட கற்கரை, வடக்கே போக வேண்டிய மணலைத் தெற்கே நிறுத்திவிட்டது. தெற்கே கரை அகன்றது. வடக்கே கரை தேய்ந்தது. தேங்கும் மணலை வாரி வடக்கே சேர்க்க வேண்டும் என்ற ஏற்பாடு திட்டத்திலே இருந்தது. நடைமுறையிலே அது ஒழுங்காக நடக்கவில்லை. முதலில் புதுச்சேரி நகரின் கடற்கரை போயிற்று. நகரைக் காக்கக் கருங்கல்லைக் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் நின்றது. அதற்கு வடக்கே அரிப்பு தொடங்கியது. வைத்திக்குப்பம், சோலைநகர், பிறகு தமிழக எல்லைக்குள் தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பிறகு பொம்மையார்பாளையம் என்று ஊர் ஊராக அரிப்பு ஏறி வந்தது.

துறைமுகம் ஒரு ஆட்சியில். அரிபடும் ஊர் வேறொரு ஆட்சியில். பிரெஞ்சுக்காரனும் ஆங்கிலேயனும் வகுத்த எல்லைக்கோட்டை அலை அறியுமா? அறியாது. ஆனால் அதிகாரி அறிவார். மனுவை எடுத்துக்கொண்டு போனால், "துறைமுகம் எங்களுடையது அன்று" என்பார் ஒருவர். "ஊர் எங்களுடையது அன்று" என்பார் மற்றொருவர். கடற்கரைக்கென்று தமிழ்நாட்டுக்கு ஓர் ஆணையம், புதுச்சேரிக்கு ஓர் ஆணையம் என்று தனித்தனியே வைத்த சட்டம், ஒரே மணலுக்கு ஒரே கணக்கு வைக்கக் கட்டளையிடவில்லை.

நகருகின்ற அளவுகோல்

1981-ஆம் ஆண்டு அன்றைய தலைமை அமைச்சர் இந்திரா காந்தி, அலை ஏறும் எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரையைக் கட்டடங்கள் இன்றிக் காக்க வேண்டும் என்று கடலோர மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார். போபால் நச்சுவாயுக் கொடுமைக்குப் பின் 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் 1991 பிப்ரவரி 19-இல் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பாணை பிறந்தது. நல்ல நோக்கத்தோடு பிறந்த ஆணைதான். கரையைப் பணக்காரன் வளைக்கக் கூடாது, ஆலைக்கழிவு கடலில் கலக்கக் கூடாது என்ற நோக்கத்தை நாம் குறை கூறவில்லை.

ஆனால் அது எப்படி அளக்கிறது என்று பாருங்கள். பேரலை ஏறும் எல்லைக்கு 'உயர் அலைக் கோடு' என்று பெயர். ஊரகக் கரையிலே அந்தக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது என்றது 1991-ஆம் ஆண்டு ஆணை. 2011-ஆம் ஆண்டு ஆணை, 100 மீட்டருக்கும் 200 மீட்டருக்கும் இடையில் மீனவர் வீடு கட்ட இசைவு தந்தது. 2018 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்பி, 2019 ஜனவரியில் வெளியான ஆணை, மக்கள் செறிவு மிகுந்த ஊரகப் பகுதிகளுக்கு 200 மீட்டரை 50 மீட்டராகக் குறைத்தது.

எண்கள் மாறின, அளவுகோலின் அடிக்கட்டை மட்டும் மாறவில்லை. அது கடலிலே நிற்கிறது! கடல் நூறு மீட்டர் உள்ளே வந்தால், கோடும் நூறு மீட்டர் உள்ளே வருகிறது. நேற்று கோட்டுக்கு அப்பால் இருந்த வீடு இன்று கோட்டுக்குள் விழுகிறது. வீட்டுக்காரர் ஒரு செங்கல்லையும் நகர்த்தவில்லை. ஒரு சட்டத்தையும் மீறவில்லை. மணலைத் தடுத்தவர் மீது வழக்கு இல்லை. மணலை இழந்தவர் தலையில் தடை! வீட்டை இடித்தது அலை. திரும்பக் கட்டாதே என்பது ஆணை.

2011-ஆம் ஆண்டு ஆணையில் 'ஆபத்துக் கோடு' என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அலையும் அரிப்பும் கடல்மட்ட உயர்வும் எங்கே வரை எட்டும் என்று முன்கூட்டியே குறிக்கும் கோடு அது. 2019-இல் அந்தக் கோட்டைப் பேரிடர் திட்டத்துக்குரிய கருவியாக மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டார்கள். கரைக்கு அருகே தற்காலிகச் சுற்றுலா வசதிகளுக்கு, உயர் அலைக் கோட்டிலிருந்து 10 மீட்டர் விட்டால் போதும் என்று எழுதிக்கொண்டார்கள். 50 மீட்டராகக் குறைந்ததால் மீனவருக்கும் பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதே கதவு வழியாக விடுதி முதலாளியும் நுழைகிறார். அவர் கையில் பத்திரம் இருக்கிறது. நம் கையில் என்ன இருக்கிறது?

பட்டா இல்லாத பரம்பரை

ஊரகக் கரையின் தடைப்பகுதியில் பழுதுபார்க்கலாம், ஆனால் 'அங்கீகரிக்கப்பட்ட' கட்டடத்தை மட்டுமே என்றது 1991-ஆம் ஆண்டு ஆணை. மீனவக் குப்பங்களில் எத்தனை வீட்டுக்குப் பட்டா உண்டு? வருவாய்த்துறை ஏட்டிலே கரை பெரும்பாலும் புறம்போக்கு. ஏட்டிலே புறம்போக்கு என்றால், அங்கே தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தவர் ஏட்டின் கண்ணுக்குக் குடியிருப்பவர் அல்லர், குந்தியிருப்பவர்.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தது. 2005 மார்ச் 30-இல் தமிழக அரசு வெளியிட்ட 172-ஆம் எண் அரசாணை கூறியது என்ன? 200 மீட்டருக்குள் வீடு சேதமடைந்தவர், அதற்கு அப்பால் சென்றால் ஒன்றரை இலட்ச ரூபாய் மதிப்புள்ள புது வீடு இலவசம். போக மறுத்தால் தம் செலவில் பழுதுபார்த்துக்கொள்ளலாம். அரசின் உதவி கிடையாது. போனவர் பழைய இடத்தைத் துறந்துவிட வேண்டும். பாதுகாப்பான வீடு தந்தது நன்மை. அந்த நன்மைக்கு விலையாகக் கரையைக் கேட்டது நன்மையா? உழவனுக்கு வீடு கொடுத்து, அதற்கு ஈடாக வயலை எழுதிக்கொடு என்று எவராவது கேட்பரா? மீனவனுக்குக் கரைதான் வயல், கரைதான் களம், கரைதான் சந்தை. கருவாடு காயவைத்துக் கூடை சுமந்து குடும்பம் காக்கும் தாய்மார்களுக்கு அது தொழிற்சாலை. 2 கிலோமீட்டருக்கு அப்பால் மாடி வீடு இருந்தால் மட்டும் மீன் நடந்து வருமா?

இறாலுக்கு ஒரு நீதி

"சட்டம் என்றால் சட்டம்தான், ஆளுக்கு ஏற்ப வளைக்க முடியாது" என்று நமக்கு உபதேசிப்பவர்கள் உண்டு. முடியாதா? கேளுங்கள்.

தஞ்சைத் தரணியின் கடைமடையிலே, நாகைக் கரையோரத்திலே, இறால் பண்ணைகள் நெல்வயலையும் குடிநீரையும் உப்பாக்கின. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றார். 1996 டிசம்பர் 11-இல் தீர்ப்பு வந்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் மரபுவழிப் பண்ணைகள் தவிர மற்ற இறால் குட்டைகள் கூடாது, இருப்பவற்றை அகற்று, பாதிக்கப்பட்டவர்க்கு இழப்பீடு கொடு என்றது நீதிமன்றம். ஏழைகளின் வெற்றி அது.

அந்த வெற்றி எத்தனை நாள் நின்றது? 2005-இல் பாராளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றியது. அதன் 27-ஆம் பிரிவு, 1991-ஆம் ஆண்டு ஆணையின் தடை இந்தப் பண்ணைகளுக்குப் பொருந்தாது என்று ஒரு வரியைச் சேர்த்தது. எந்த நாளிலிருந்து? 1991 பிப்ரவரி 19-ஆம் நாளிலிருந்தே! பதினான்கு ஆண்டு முன் தேதியிட்டுச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2023-இல் மறுபடியும் திருத்தி அந்தப் பாதுகாப்பை இன்னும் உறுதியாக்கினார்கள்.

இதைக் கேட்டு, இறால் வளர்ப்பவர் மீது காழ்ப்பு கொள்ளாதீர்கள். அவர்களிலும் சிறு விவசாயிகள் இருக்கிறார்கள். நான் சுட்டுவது வேறு. இறாலுக்காகப் பாராளுமன்றம் காலத்தையே பின்னோக்கித் திருப்ப வல்லது என்றால், ஆயிரம் ஆண்டாகக் கரையில் வாழும் மக்களுக்காக ஒரு பிரிவை எழுத ஏன் வலுவில்லை?

காட்டுக்கு வந்தது, கரைக்கு வரவில்லை

இங்கேதான் நாம் உற்று நோக்க வேண்டிய வேறுபாடு இருக்கிறது. இறாலுக்குக் கிடைத்தது சட்டம். கரைக்கு இருப்பது அறிவிப்பாணை. சட்டம் மக்கள் பிரதிநிதிகள் கூடிப் பேசி, வாக்களித்து இயற்றுவது. அறிவிப்பாணை டில்லியில் ஓர் அமைச்சகத்தில் எழுதப்படுவது. 1991-ஆம் ஆண்டு ஆணை, 2009-க்குள் இருபத்தைந்து முறை திருத்தப்பட்டது. எழுதுகோலால் கொடுத்ததை எழுதுகோலாலேயே எடுக்கலாம். அதில் மீனவருக்கு இருப்பவை விதிவிலக்குகள். விதிவிலக்கு என்பது சலுகை, உரிமை அன்று.

காட்டைப் பாருங்கள். காட்டு மக்களையும் ஆக்கிரமிப்பாளர் என்றுதான் நூறாண்டுகளுக்கு மேல் அழைத்தார்கள். அவர்கள் போராடினார்கள். 2006 டிசம்பரில் பாராளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை இயற்றியது. அவர்களுக்கு இழைக்கப்பட்டது வரலாற்று அநீதி என்று சட்டத்தின் முகப்பிலேயே எழுதியது. விளைவு என்ன? ஒடிசாவில் நியாம்கிரி மலையில் பாக்சைட் தோண்டப் பெருமுதலாளி நிறுவனம் வந்தது. 2013 ஏப்ரல் 18-இல் உச்ச நீதிமன்றம், கிராம சபைகளைக் கேளுங்கள் என்றது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் மறுத்தன. மலை நின்றது. படிக்காதவர்கள், பத்திரமில்லாதவர்கள், ஒரு சட்டத்தின் துணையால் மலையைக் காத்தார்கள்!

சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று கூறவில்லை. 2019 பிப்ரவரியில், கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்ற உத்தரவு வந்து, நாடெங்கும் கிளர்ச்சி எழுந்த பின் அது நிறுத்தி வைக்கப்பட்டது. ஏட்டுச் சட்டம் ஓட்டைச் சுரைக்காய்தான், மக்கள் விழித்திராவிட்டால். ஆனாலும் போராடுவதற்குக் காட்டு மக்களின் கையில் ஒரு பிடி இருக்கிறது. நம் கையில் அந்தப் பிடியும் இல்லை.

ஏன் இல்லை? கேட்காததாலா? கேட்டோம். 1989 மே முதல் நாள், 'தண்ணீரைக் காப்போம், உயிரைக் காப்போம்' என்று முழங்கிக் கன்னியாகுமரியில் திரண்ட மீனவர்கள் மீது துப்பாக்கி வெடித்தது. 2008-இல் கடலோர மேலாண்மை மண்டலம் என்ற பெயரில் ஒரு முன்வரைவு வந்தபோது, கட்ச் முதல் கொல்கத்தா வரை மீனவர் இயக்கம் கரை நெடுக நடந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான குழு 2009 ஜூலையில் அறிக்கை தந்தது. அந்த முன்வரைவு கைவிடப்பட்டது. அதே ஆண்டில், மரபுவழி மீனவர் உரிமைப் பாதுகாப்புக்கு ஒரு சட்ட முன்வரைவும் எழுதப்பட்டது. ஆனால் பாராளுமன்றத்தின் படியை அது மிதிக்கவில்லை.

உலகம் இந்தக் கோரிக்கையை ஏற்றிருக்கிறது. 2014-இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு, சிறு மீனவருக்கான வழிகாட்டு நெறிகளை ஏற்றது. நிலத்தின் மீதும் நீரின் மீதும் அவர்களுக்குள்ள மரபுரிமையை மதிக்க வேண்டும் என்றது. அந்த நெறிகள், சென்னையிலிருந்து மீனவருக்காக உழைத்து, அவ்வாண்டு மார்ச்சில் காணாமற்போன மலேசிய விமானத்தில் மறைந்த சந்திரிகா சர்மாவின் நினைவுக்கு உரிமையாக்கப்பட்டுள்ளன. உலகம் போற்றிய கோரிக்கை உள்ளூரில் இன்னும் சட்டமாகவில்லை.

கல் போதுமா?

கசப்பான ஒன்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும். தூண்டில் வளைவு வேண்டும் என்று கேட்கிறீர்கள். வீட்டு வாசலில் அலை அடிக்கும்போது கேட்காமல் இருப்பது எப்படி? 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலின்போது இந்தக் கரையோரத்தில் வீடுகள் சரிந்ததைக் கண்டவர்கள் நீங்கள். உடனடிப் பாதுகாப்பைக் கொடுப்பது அரசின் கடமை. ஆனால் தூண்டில் வளைவு மணலை உண்டாக்குவதில்லை. வருகிற மணலைத் தனக்குத் தெற்கே பிடித்து வைக்கிறது. அதற்கு வடக்கே உள்ள ஊர் பட்டினி கிடக்கும். நகரம் நமக்குச் செய்ததை நாம் அடுத்த குப்பத்துக்குச் செய்வோமா? குப்பத்தோடு குப்பம் கல்லுக்காகச் சண்டையிட்டால், மணலைத் தடுத்தவர் நிம்மதியாக உறங்குவார். ஆகவே, கல்லைக் கேட்கும் வாயாலேயே மணலையும் கேட்போம்; மணலோடு சட்டத்தையும் கேட்போம்.

அந்தச் சட்டத்தில் என்ன வேண்டும்?

முதலாவது, ஒவ்வொரு மீனவ ஊரின் கரையும், அதாவது படகு ஏற்றும் இடம், வலை பின்னும் இடம், கருவாட்டுத் திடல், ஏலக் கூடம், குடியிருப்பு எல்லாம், அந்த ஊரின் பொதுச் சொத்தாகப் பதிவாக வேண்டும். வீட்டுப் பட்டாவில் மனைவியின் பெயரும் இடம்பெற வேண்டும்; கரைப் பட்டாவை எவருக்கும் விற்க இடமிருக்கக் கூடாது.

இரண்டாவது, மனிதன் கட்டியதால் கடல் கொண்ட நிலத்துக்கு, கடல் கொண்டதாலேயே உரிமை போய்விடக் கூடாது. மாற்று இடம் அதே கரையை ஒட்டித் தரப்பட வேண்டும். மீனவர் விட்டுச் சென்ற மண்ணில் விடுதி முளைக்கக் கூடாது.

மூன்றாவது, துறைமுகமோ விடுதியோ பண்ணையோ, ஊரின் கிராம சபை ஒப்பாமல் கரைக்கு வரக் கூடாது.

நான்காவது, மணலைத் தடுப்பவர் எவராயினும் அதை வாரி அப்பால் சேர்க்கும் செலவை ஏற்க வேண்டும். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் இந்தக் கரையைப் பொறுத்து ஒரே பொறுப்பு, ஒரே கணக்கு வேண்டும்.

ஐந்தாவது, ஆணையும் நிலப்படமும் தமிழில் வர வேண்டும். 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு முன்வரைவை இருபத்திரண்டு மொழிகளில் வெளியிடுமாறு டில்லி உயர் நீதிமன்றம் கூறியது. தமிழில் தருவது வேண்டுகோளுக்கு இரங்கும் கருணை அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதெல்லாம் டில்லி செய்ய வேண்டியது என்று நாம் கைகட்டி நிற்கவும் வேண்டாம். நிலமும் நிலத்தின் மீதான உரிமையும் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 18-ஆம் இனம். மீன்வளம் 21-ஆம் இனம். 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றிக் கரையிலிருந்து மூன்று கடல் மைலைச் சிறு மீனவருக்காக ஒதுக்கியது இதே தமிழகச் சட்டமன்றம்தான். கடலில் மூன்று மைல் ஒதுக்கத் தெரிந்த மன்றத்துக்குக் கரையில் படகு நிற்க இடம் ஒதுக்கத் தெரியாதா? தொடங்கச் சொல்வோம்.

தோழர்கள் செய்ய வேண்டுவது

கைதட்டிக் கலைந்தால் இந்தப் பேச்சு வீண். 2023-இல் தமிழகக் கடலோர மேலாண்மைத் திட்டத்தின் நிலப்பட வரைவு மக்கள் கருத்துக்கு வந்தபோது, மீனவ ஊர்களும் அவற்றின் பொது இடங்களும் படத்தில் விடுபட்டிருப்பதாகக் கரை நெடுக முறையீடு எழுந்தது. படத்தில் இல்லாத ஊருக்குச் சட்டம் எப்படிக் காவல் நிற்கும்?

ஆகவே முதல் வேலை, நம் படத்தை நாமே வரைவது. முதியவர்களை அழைத்துச் செல்லுங்கள். 1989-க்கு முன் கரை எங்கே இருந்தது, எந்த மரம் எங்கே நின்றது, எந்த வீடு எந்த ஆண்டு போயிற்று என்று கேட்டு எழுதுங்கள். தாய்மார்கள் கருவாடு காயவைத்த இடங்களைத் தாய்மார்களே குறிக்கட்டும். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்தப் படத்தை அங்கே வைத்துத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். மாவட்டக் கடலோரக் குழுவில் மரபுவழிக் கடலோர மக்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூவர் இருக்க வேண்டும் என்கிறது 2011-ஆம் ஆண்டு ஆணை. அந்த மூவர் யார் என்று ஆட்சியரிடம் கேளுங்கள். எல்லைக்கு அப்பால் உள்ள குப்பங்களுக்கும் செல்லுங்கள். அவர்கள் வேறு ஆட்சியின் குடிகளாக இருக்கலாம். ஒரே மணலின் பிள்ளைகள்.

சலுகை கேட்டு நின்ற காலம் போதும். சலுகையை ஓர் அமைச்சகம் தரும், மற்றோர் அமைச்சகம் பறிக்கும். உரிமையைச் சட்டமாக்கிவிட்டால், பறிக்க வருபவர் உங்கள் கிராம சபையின் முன் வந்து கேட்டாக வேண்டும். அந்த நாளைக் கொண்டுவரும் வேலையை, அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே பொம்மையார்பாளையம் தொடங்கட்டும் என்று கேட்டு அமர்கிறேன்.